இரண்டு இலையில் தெரியாத மரங்கள்

மலை முகாம்
மே 28

அக்காவுக்கு,

நீ பட்டென்று போனை வைத்துவிட்டாய். அந்த ஒரு போனுக்காக நான் ஐந்து கிலோமீட்டர் மேடேறி, சிக்னல் கிடைக்கும் பாறைமேல் கொக்கு மாதிரி நின்றது உனக்குத் தெரியாது. இனிமேல் அந்தப் பாறைக்குப் போவதாக இல்லை. வியாழக்கிழமை சாமான் கொண்டுவரும் ஜீப்பில் கடிதம் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது இல்லையா?

விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன். இந்தச் சரிவில் இருந்த காடு தீப்பிடித்து எரிந்து இரண்டு வருடம் ஆகிறது. போன வருடமே எங்கள் வனத்துறை ஆபீசர் எந்திரத்தை ஏற்றி, மேல்மண்ணை வழித்து, சரிவைப் படிக்கட்டு மாதிரி வெட்டி, ஒரே ரகக் கன்று இருபதாயிரம் நடுவதற்குத் தயாராக இருந்தார். குறுக்கே விழுந்தது நீ. கரிந்த மண்ணை மூட்டை கட்டிக்கொண்டு போய், கல்லூரியில் நாற்பது தட்டில் பரப்பி, தண்ணீர் தெளித்து, முளைத்ததை எண்ணி அறிக்கை கொடுத்தாய். "மண்ணுக்குள்ளேயே விதை இருக்கு சார். ஒரே ஒரு மழைக்காலம் விட்டுப் பாருங்க"ன்னு அவர் மேஜை முன்னால் நீ சொன்னபோது, பக்கத்தில் நின்று தலையாட்டியவன் நான்.

ஒரு மழைக்காலம் கிடைத்தது. நீ பிள்ளை பெறப் போய்விட்டாய். நான் இருபத்தைந்து இடத்தில் கயிறு கட்டிச் சதுரம் போட்டு, வாரா வாரம் முட்டி போட்டு எண்ணினேன். மரக்கன்று: பூஜ்யம். இதைச் சொன்னால், "உனக்கு எண்ணத் தெரியலை"ன்னு சொல்கிறாய். கண்ணைக் கட்டிவிட்டாலும் பட்டையைத் தடவி மரத்தின் பெயர் சொல்கிறவன் நான். ஒன்பது வருட வேலை.

உன் காட்டை இந்த உறைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறேன். போன வாரத் தூறலில் பன்னிரண்டாம் சதுரத்தில் முளைத்தவை. மொத்தம் ஏழு. ஏழும் களை. பார்த்து மகிழ்ந்துகொள்.

தம்பி


ஜூன் 1

தம்பிக்கு,

கடிதம் வந்தது. உறையைத் திறக்கவில்லை. சுண்டு இப்போது தவழ்கிறாள். தரையில் கிடக்கும் எதுவும் அடுத்த நொடி அவள் வாயில். எந்தக் களையில் என்ன விஷமோ என்று உறையை அலமாரி உச்சியில் போட்டுவிட்டேன். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், அதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

"பிள்ளை பெறப் போய்விட்டாய்" என்று எழுதியிருக்கிறாய். என்னவோ நான் ஊர் சுற்றப் போன மாதிரி. இங்கே வந்து ஒரு நாள் இருந்து பார். மூன்றாம் மாடி, இரண்டு அறை, பால்கனி முழுக்கத் துணி. எட்டு மாதம் முடிந்தும் ஒரு பல்கூட இல்லை. எதிர்வீட்டுக் குழந்தைக்கு ஏழாம் மாதமே நான்கு. டாக்டரம்மா, "ஒண்ணும் இல்லைம்மா, வரும்" என்கிறார். எல்லாவற்றுக்கும் அதையேதான் சொல்கிறார். மூச்சு விடுகிறாளா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பதை நான் இன்னும் நிறுத்தவில்லை. நீ சிரிப்பாய், சிரி.

எண்ணத் தெரியவில்லை என்று சொன்னது தப்பு. ஆனால் தட்டுகளும் பொய் சொல்லவில்லை. நாற்பது தட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு முளை. அதில் பாதிக்குப் பாதி மரம். காற்றில் வேறு விதை வந்து விழுகிறதா என்று பார்க்க, சுட்ட மணலை மட்டும் நிரப்பி ஐந்து தட்டு தனியாக வைத்திருந்தேன். அதில் ஒன்றுகூட முளைக்கவில்லை. முளைத்ததெல்லாம் அந்தச் சரிவின் மண்ணுக்குள் இருந்ததுதான். தட்டில் வந்தது மலையில் ஏன் வரவில்லை என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

"அக்கா தம்பி சண்டையில அந்த மலை மாட்டிக்கிச்சு பாவம்" என்கிறார் உன் அத்தான்.

அக்கா


மலை முகாம்
ஜூன் 11

அக்கா,

பல் வராததற்கு ஈறைத் தோண்டிப் பார்க்காதே. நீ செய்யக்கூடியவள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆபீசர் ஒரு தாள் அனுப்பியிருக்கிறார். "சரிவில் இயற்கையாக மரம் எழவில்லை, எழும் அறிகுறியும் இல்லை" என்று டைப் அடித்து, கீழே என் பெயர். கையெழுத்து போட வேண்டியதுதான் பாக்கி. ஜூலை பதினைந்தாம் தேதி எந்திரம் மேலே ஏறும். உன் அறிக்கையின் எண்ணையும் அதில் குறிப்பிட்டு, "தவறான கணிப்பு" என்று போட்டிருக்கிறார். உன்னிடம் சொல்லாமல் கையெழுத்து போட மனம் வரவில்லை. அடுத்த ஜீப் வருவதற்குள் கொடுக்க வேண்டும்.

நான் சும்மா இருந்துவிட்டதாக மட்டும் நினைத்துவிடாதே. மேஸ்திரியம்மாவையும் அவளுடைய முப்பது பேரையும் வைத்துக்கொண்டு ஒரு வருடம் முழுக்க அந்தச் சரிவைக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தேன். சதுரத்துக்குள் மட்டுமில்லை, இருபது ஏக்கரும். மண்வெட்டிகூட படவிடவில்லை, மேல்மண் கலையக்கூடாது என்று நீ சொன்னதால் எல்லாம் கையாலேயே. உன் கன்றுகள் வெளியே வரும்போது மூச்சுவிட இடம் இருக்கட்டும் என்று, நாற்றங்காலில் பாத்தியைச் சுத்தம் செய்கிற மாதிரி, வாரா வாரம் ஒரு களை விடாமல் பறித்தோம். நம் வீட்டுக் குழந்தைக்கு அறை ஒழித்து வைக்கிற மாதிரிதான் செய்தேன். வரவில்லை என்றால் நான் என்ன செய்ய?

தம்பி


ஜூன் 14

டேய்,

கையெழுத்து போடாதே. போட்டிருந்தால் கிழித்துவிடு.

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். "ஒரு களை விடாமல்" என்ற இடத்தோடு நிறுத்தினேன். சுண்டுவைத் தொட்டிலில் போட்டுவிட்டு, முக்காலி போட்டு ஏறி உறையை எடுத்தேன். செடிகள் அப்பளமாகக் காய்ந்திருந்தன. வெதுவெதுப்பான தண்ணீரைத் தட்டில் ஊற்றி ஒவ்வொன்றாக மிதக்கவிட்டேன். கால்மணி நேரத்தில் இலைகள் விரிந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அதற்குள் அவள் அழுதாள், தூக்கிக்கொண்டே பார்த்தேன்.

மூன்று களைதான். ஒத்துக்கொள்கிறேன். மற்ற நான்கும் மரம்.

நான்கில் மூன்று ஒரே இனம். முதல் இரண்டு இலையும் தடித்த வட்டம், விதைக்குள்ளேயே மடித்து வைத்திருந்த இலைகள். மூன்றாவது இலை வேறு மாதிரி, ஓரம் பல் பல்லாக, சிவந்த தண்டில் பூனைமயிர். களை என்று யாரும் சொல்வார்கள். ஆனால் அதன் காம்பைப் பார். இலையின் ஓரத்தில் சேராமல், கொஞ்சம் உள்ளே தள்ளிச் சேர்ந்திருக்கிறது, குடைக்கு நடுக்கம்பி மாதிரி. ஆமாம், குடைமரம்தான். ஓடைக்கரையில் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் குளிப்பாயே, அதே மரம். வளர்ந்த மரத்தில் கிளையே உன் கைத்தடிமன் இருக்கும், இலை முறம் மாதிரி. இரண்டு இலையில் நிற்கும்போது அதைப் பெற்ற மரத்துக்கும் அதற்கும் ஒரு சாயலும் இருக்காது. நான்காவது செடி சொரசொரப்பான ஒல்லி இலை. அதுவும் மரம். தட்டில் தொண்ணூறு முளைத்தது, மறக்கவே மாட்டேன்.

உனக்கு எண்ணத் தெரியும். எண்ணுவதற்கு முன்னால் பிடுங்கிவிட்டாய்.

அக்கா


மலை முகாம்
ஜூன் 18

அக்கா,

உன் கடிதத்தை முதலில் நம்பவில்லை. இவளுக்குத் தன் அறிக்கையைக் காப்பாற்ற வேண்டும், அதனால் களையை மரம் என்கிறாள் என்று நினைத்தேன். இப்படி நினைத்ததை எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதிவிட்டேன்.

பிறகு ஓடைக்கரைக்குப் போய் குடைமர இலை ஒன்றைப் பறித்துக் காம்பைப் பார்த்தேன். அப்படியே களை மூட்டை கொட்டும் பள்ளத்துக்குப் போனேன். மேலாக இருந்ததைக் கிளறிப் பத்துச் செடி எடுத்து, மேஸ்திரியம்மாவிடம் காட்டினேன்.

"இதுங்களா? இதைத்தான சார் மூட்டை மூட்டையாப் பிடுங்கினோம். புல்லாவது பரவால்ல, இது வேரை விடவே விடாது. இடுப்பு ஒடிஞ்சிடும்."

"எவ்வளவு இருக்கும்?"

"கொள்ளை. நீங்கதான் சுத்தமா இருக்கணும்னீங்க. ஏன் சார், மருந்துச் செடியா?"

"மரம்மா. காட்டு மரம்."

அவள் ஒரு செடியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "அப்ப நாங்க ஒரு வருஷமா என்ன வேலைதான் சார் பாத்தோம்?"

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். நட்டு நட்டுத்தான் எனக்குப் பழக்கம். நாற்றங்காலில் விதை போட்ட இடம் எனக்குத் தெரியும். அதில் வருவது கன்று, மற்றதெல்லாம் களை. யாரும் போடாத விதை எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குக் காட்டவில்லை.

காட்டுகிறேன் என்று சொன்னது நீதான். ஒவ்வொரு மரமும் இரண்டு இலையில் எப்படி இருக்கும் என்று படம் வரைந்து அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனாய். வந்ததா? நான் கேட்கவில்லை, அது என் தப்பு. ஆனால் வந்ததா?

தாளில் கையெழுத்து போடவில்லை. களை பறிப்பதை நிறுத்திவிட்டேன். மண்ணில் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா, இல்லை, எல்லாவற்றையும் நானே தீர்த்துவிட்டேனா? உண்மையைச் சொல். ஆறுதல் வேண்டாம்.

தம்பி


ஜூன் 21

தம்பி,

வரவில்லை. ஒன்பது பக்கம் வரைந்திருந்தேன். பத்தாவது பக்கம் வரையும்போது வலி எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும் அந்தப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். துடைப்பம் அதில் இடிக்கும்போதெல்லாம் நாளைக்கு, நாளைக்கு என்றேன். அதைத் திறந்தால் நான் விட்டுவிட்டு வந்ததெல்லாம் வெளியே வரும் என்று பயம். ஒன்பது பக்கத்தையாவது அனுப்பியிருக்கலாம். இரண்டாம் பக்கத்திலேயே குடைமரம் இருக்கிறது. போனில் உன்னிடம் கத்தியபோது எனக்கு இது ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. அதனால்தான் போனை வைத்தேன்.

ஒன்பது பக்கமும் இத்துடன். ஏழாம் பக்கத்தில் மஞ்சள் கறை கேரட் கூழ், தாவரம் அல்ல.

நீ கேட்டதற்குப் பதில். ஆறுதல் இல்லாத பதில்: நிறைய போய்விட்டது. முதல் வருடம் எழுவதுதான் பெரிய கூட்டம். மற்றொரு பதில்: எல்லா விதையும் ஒரே மழையை நம்பி எழுந்துவிடுவதில்லை. பறவைகள் பல வருடமாக எச்சத்தில் போட்டவை, ஒவ்வொன்றும் ஒரு ஆழத்தில் கிடக்கின்றன. மேலே மரம் மூடியிருந்தவரை இருட்டில் தூங்கின. நிழல் போய், பகலில் மண் சுட்டு, ராத்திரியில் குளிர்ந்து, வெளிச்சம் பட்டால்தான் அவற்றுக்குச் சேதி போகும். என் தட்டில் முதலில் முளைத்ததையெல்லாம் எண்ணி எடுத்துவிட்டு மண்ணை மெல்லக் கிளறினேன். மறுபடி முளைத்தது. எடுத்துக் கிளறினேன். மூன்றாம் முறையும் முளைத்தது, குறைவாக. நீங்கள் கையால் பிடுங்கியபோது மண்ணும் அப்படித்தான் கிளறியிருக்கும். எல்லாம் மேல் நான்கு விரல் ஆழத்துக்குள். எந்திரம் வழித்துப் பள்ளத்தில் தள்ளப்போவதும் அதே நான்கு விரலைத்தான்.

ஒரு வாரம் எதையும் தொடாதே. படங்களை வைத்துக்கொண்டு எண்ணு. இன்னொன்று கேட்கிறேன், யோசித்துச் சொல். அந்த இருபது ஏக்கரில் உன் ஆட்கள் கால் வைக்காத இடம் எங்கேயாவது உண்டா?

அக்கா


மலை முகாம்
ஜூலை 2

அக்கா,

இதை ஒரு கண்ணால் எழுதுகிறேன். இன்னொன்று வீங்கி மூடிக்கிடக்கிறது.

கால் வைக்காத இடம் உண்டா என்று கேட்டாய். மேஸ்திரியம்மாவிடம் கேட்டேன். "தேனீப் பாறை சார். போன வருஷம் ரெண்டு பேரைக் கொட்டினதுலேர்ந்து அந்தப் பக்கம் யாரும் போறதில்ல. உங்ககிட்ட சுத்தம் பண்ணியாச்சுன்னு சொல்லிட்டோம்" என்றாள். ஒரு வருடம் கழித்து ஒத்துக்கொள்கிறாள்! கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

போர்வையைச் சுற்றிக்கொண்டு போனேன். பாறைக்குப் பின்பக்கம், கீழிருந்து பார்த்தால் தெரியாத மடிப்பு. பதினொரு குடைமரம். உயரமானது என் நெஞ்சு வரை. சொரசொரப்பு இலை மரம் ஆறு. அடியில் மண் ஈரமாக, மெத்தென்று. நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். தேனீக்களுக்கு அது பிடிக்கவில்லை.

மழையும் பிடித்துவிட்டது. உன் ஒன்பது பக்கத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சதுரம் சதுரமாகப் போகிறேன். பன்னிரண்டாம் சதுரத்தில் இரண்டு இலையில் ஒன்பது. இருபத்தைந்திலும் சேர்த்து நூற்று நாற்பத்தொன்று.

ஒயர்லெஸ்ஸில் ஆபீசரிடம் சொன்னேன். மனிதர் மசியவில்லை. பாறையடியில் நிற்பது எரிந்த அடிமரத்திலிருந்து துளிர்த்ததாக இருக்கலாம் என்கிறார். "போன வருஷம் முழுக்க பூஜ்யம்னு எழுதினீங்க. இப்ப திடீர்னு நூத்தி நாப்பத்தொண்ணா? எந்திரம் வர்ற நேரம் பாத்து முளைக்குதா?" பத்தாம் தேதி அவரே வருகிறார். இதெல்லாம் மரம்தான், விதையிலிருந்து வந்ததுதான் என்று தெரிந்தவர்கள் யாராவது நேரில் காட்டிக் கையெழுத்து போட வேண்டுமாம். இல்லையென்றால் பதினைந்தாம் தேதி எந்திரம்.

நாங்கள்தான் பிடுங்கினோம் என்பதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் என் பணிப் பதிவேட்டில் ஏறும். அடுத்த வருடம் பதவி உயர்வுப் பட்டியல். சொல்லாமலே முடிகிற வழி இருக்கிறதா?

தம்பி


ஜூலை 5

தம்பி,

வழி இல்லை. நானும் இரண்டு நாள் தேடினேன். உன் பூஜ்யத்துக்குக் காரணம் சொல்லாவிட்டால் உன் நூற்று நாற்பத்தொன்றை யார் நம்புவார்கள்? பிடுங்கினோம் என்ற ஒரு வரிதான் இரண்டையும் சேர்க்கிறது. எழுதிவிடு. படம் அனுப்பாதது நான்தான் என்று நானும் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து போடுகிறேன். இரண்டையும் சேர்த்தே கொடுப்போம். திட்டு வாங்குவதென்றால் சேர்ந்தே வாங்குவோம்.

ஆட்கள் யாரும் கிடைக்கவில்லை. துறைத்தலைவர் வெளிநாட்டில். என் இடத்தில் வேலை பார்ப்பவன் பாசி படிப்பவன், மரம் தெரியாது. அதனால் நான் வருகிறேன்.

எழுதிவிட்டேன், இனி அடித்துத் திருத்த மாட்டேன். சுண்டுவை யாரிடமும் விட முடியாது, பால் குடிக்கிறாள். அவளும் வருகிறாள். அந்த ஜீப் சாலையில் வளைவு எத்தனை? காய்ச்சல் வந்தால் எத்தனை மணி நேரத்தில் டாக்டரிடம் போகலாம்? அட்டை இருக்கிறதா? தண்ணீரை யார் கொதிக்க வைப்பார்கள், எவ்வளவு நேரம்? தேனீப் பாறைக்கு அவளை எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும்? எல்லாவற்றுக்கும் பதில் எழுதி அனுப்பு. வேண்டாம், கடிதம் வந்து சேர நேரமில்லை. நேரிலேயே சொல்.

உன் அத்தான் பையில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறார். நான் எடுத்து எடுத்து மறுபடி அடுக்குகிறேன். "மலைக்குப் போறியா, மலையையே தூக்கிட்டு வரப் போறியா?" என்கிறார்.

அக்கா


மலை முகாம்
ஜூலை 16

அக்கா,

நீங்கள் இருவரும் ஜீப்பில் ஏறிப் போன பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

நீ தோண்டிக் காட்டிய அந்தச் செடியை ஆபீசர் கையிலேயே வைத்திருந்தார். பழைய அடிமரத்தோடு ஒட்டாத தனி ஆணிவேர், தண்டின் அடியில் இரண்டு விதையிலை விழுந்த தழும்பு. நீ கைக்குட்டையால் மண்ணைத் துடைத்துக் காட்டியது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நம் இரண்டு தாளையும் படித்தார். டீசல் கேன் மேல் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டு தடவை.

"ஒரு வருஷமா காட்டைப் பிடுங்கிப் போட்டுட்டு, காடு வரலைன்னு எனக்கே லெட்டர் எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"முப்பது பேர் வச்சு!"

"ஆமா சார்."

"நடுவுல ஒருத்தருக்குக்கூட சந்தேகம் வரலையா?"

நான் வாயைத் திறக்குமுன் மேஸ்திரியம்மா முன்னால் வந்தாள். "நீங்களும் மூணு தடவை வந்து பாத்துட்டு, சரிவு சுத்தமா இருக்குன்னு பாராட்டிட்டுத்தான சார் போனீங்க?"

எனக்கு உயிரே போய்விட்டது. ஆபீசர் கேனிலிருந்து எழுந்தார். தனியாகச் சரிவில் ஏறினார். போகும்போது காலை எங்கே வைக்கிறோம் என்று குனிந்து பார்த்துப் பார்த்து வைத்தார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

முடிவு இதுதான். கீழே சாலையை ஒட்டிய ஆறு ஏக்கரில் கன்று நடுவார்கள், அதற்குப் பலகைகூட எழுதி வந்துவிட்டதாம். அங்கே எந்திரம் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது, சத்தம் இங்கே வரை கேட்கிறது. மேலே உள்ள பதினான்கு ஏக்கருக்கு இரண்டு மழைக்காலம் அவகாசம். யாரும் தொடக்கூடாது. எனக்கு விளக்கம் கேட்டு மெமோ. அடுத்த வருடப் பட்டியலில் என் பெயர் வராது. போகட்டும்.

ஆறு ஏக்கர் போனதற்கு நீ அழுவாய் என்று தெரியும். பதினான்கை நினைத்துக்கொள்.

தம்பி


ஜூலை 20

தம்பி,

அழுதேன். பிறகு பதினான்கை நினைத்துக்கொண்டேன். உன் பட்டியலையும் நினைத்தேன். 

அன்றைக்கு நடந்ததில் ஒன்று உனக்குத் தெரியாது. ஆபீசருக்குக் குப்புறப் படுத்துக் காட்டிக்கொண்டிருந்தேனே, ஆறாம் சதுரத்தில். முடித்துத் தலைதூக்கியபோதுதான் ஞாபகம் வந்தது, முக்கால் மணி நேரமாக நான் சுண்டுவைத் திரும்பியே பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து அப்படி இருந்ததில்லை. மேஸ்திரியம்மா மடியில் உட்கார்ந்து, வாயைச் சுற்றி மண்ணோடு, அவள் வளையலைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் ஓடி வந்ததைப் பார்த்து மேஸ்திரியம்மா, "ஏன் பதறுறீங்க? உங்க மலையில ஒரு வாய் தின்னுடுச்சு, அவ்வளவுதான்" என்றாள். இரண்டு நாள் பயந்துகொண்டே இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. செப்டம்பரிலிருந்து வாரம் மூன்று நாள் கல்லூரிக்குப் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும், பிறகு என்னைத் திட்டாதே. குடைமரமும் சொரசொரப்பு மரமும் வெட்டவெளியில் முதலில் வருகிற மரங்கள். சீக்கிரம் வளரும், இருபது முப்பது வருடத்தில் சாயும். அவைதான் மண்ணுக்குள் காத்திருக்கத் தெரிந்தவை. நீ கட்டிப்பிடித்துச் சுற்றளவு பார்ப்பாயே, அந்தப் பெரிய மரங்களின் விதை காத்திருக்காது. விழுந்த சில வாரத்தில் முளைக்கும், இல்லையென்றால் செத்துவிடும். தீக்குப் பிறகு அந்தச் சரிவின் மண்ணில் அவை ஒன்றுகூட இல்லை. வெளியிலிருந்துதான் வர வேண்டும். இவை வளர்ந்து நிழல் கொடுத்தால், பறவைக்கு உட்கார ஒரு கிளை இருந்தால், வரலாம். எப்போது என்று என்னால் எழுதித் தர முடியாது.

அக்கா


மலை முகாம்
ஆகஸ்ட் 12, மறு ஆண்டு

அக்கா,

கல்லூரி வேலைக்கு நடுவில் இதைப் படிக்க ஐந்து நிமிடம் ஒதுக்கு.

முதல் செய்தி, இந்த மழையில் எண்ணி முடித்துவிட்டோம். எண்ணுவது இப்போது மேஸ்திரியம்மாவின் ஆட்கள்தான். பத்துப் பேர்தான் மிச்சம், மற்றவர்களைக் கீழே கன்று நட எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு செடிக்குப் பக்கத்திலும் மூங்கில் குச்சி நட்டு, மையால் பெயர் எழுதுகிறார்கள். பதினான்கு ஏக்கரில் இன்னும் வெறும் திட்டுகள் உண்டு. கிழக்கு ஓரத்தில் புல் ஜெயித்துவிட்டது. ஆனால் நடுச்சரிவில் குடைமரங்கள் என் தலையைத் தாண்டிவிட்டன. மழை பெய்யும்போது அடியில் நின்றேன். சட்டை அரைகுறையாகத்தான் நனைந்தது.

இரண்டாவது செய்திக்காகத்தான் இந்தக் கடிதம். செவ்வாய்க்கிழமை நடுச்சரிவில் ஒரே கூச்சல். போனால், நான்கு பேர் ஒரு செடியைச் சுற்றிக் குந்தியிருக்கிறார்கள். குடைமர நிழலில், ஒரு பறவை எச்சத்துக்கு நடுவில், என் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு முளை. தண்டு பென்சில் தடிமன். இலை இரண்டுதான், ஆனால் தோல் மாதிரி கெட்டி, அடியில் வெண்மை. விதையின் பாதி ஓடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பெரிய ஓடு, கோலிக்குண்டு அளவு.

ஒன்பது பக்கத்திலும் பார்த்தேன். நீ பிறகு அனுப்பிய பதினாறு பக்கத்திலும் பார்த்தேன். இல்லை. அதாவது உன் தட்டில் இது முளைத்ததே இல்லை. இந்த மண்ணுக்குள் இருந்தது இல்லை.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "என்ன செடின்னே தெரியலையே, எடுத்துடவா சார்?" என்று கையை நீட்டினாள்.

மேஸ்திரியம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "தெரியலைன்னா கையை எடு."

பக்கத்தில் குச்சி நட்டிருக்கிறோம். பெயர் எழுதவில்லை. மை புட்டியோடு நான்கு பேர் காத்திருக்கிறார்கள். எப்போது வருகிறாய்?

தம்பி